வென்றவருக்கு வழக்குச் செலவு

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் கலைந்தபின், தேவராஜ மார்க்கெட் அருகே கடை நடத்தும் அன்பர் ஒருவர் எம்மிடம் வந்தார். அவர் கையிலிருந்த துணிப்பையில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆணை இருந்தது. அதிகாரி விதித்த வரி முழுதும் தள்ளுபடியாகியிருந்தது. ஆயினும் அன்பர் முகத்தில் களிப்பில்லை.

"வென்றுவிட்டேன், ஐயா. வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் கொடுத்தது அந்த வரியைவிட அதிகம். அதை யார் தருவார்?" என்றார்.

வழக்குச் செலவைக் கேட்டீர்களா என்று வினவினோம். அப்படிக் கேட்க இடமுண்டு என்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. மைசூரில் வாழும் நம்மவர் பலரது நிலையும் இதுவேயாதலின் சிறிது விரித்து எழுதுகின்றோம்.

முன்னரே கட்டிய வரி திரும்பி வருங்கால், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி மாதம் நூற்றுக்கு அரை வீதம் வட்டி சேர்ந்து வரும். அது பணம் முடங்கியதற்கு ஈடேயன்றி வழக்குச் செலவுக்கன்று. செலவுக்கு வழி வேறு. அதே சட்டத்தின் 254-ஆம் பிரிவு, மேல்முறையீட்டுச் செலவைத் தீர்ப்பாயத்தின் விருப்புரிமைக்கு விடுகின்றது. உயர் நீதிமன்றமும் தக்கதெனக் கண்டால் செலவுத்தொகை வழங்கலாம் என்கிறது 260-ஏ பிரிவு. வழங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேளாதவருக்குத் தாமே நினைந்து அளிப்பர் என்று நம்பியிருத்தல் பேதைமை.

எவ்வளவு கேட்பது? இதற்கு நம் சேலத்துக்காரர்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், 2005-ஆம் ஆண்டு, செலவுத்தொகை என்பது உண்மையாக ஆன நியாயமான செலவாக இருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிமன்றக் கட்டணம், வக்கீல் கட்டணம், தட்டச்சுக் கூலி ஆகியவற்றோடு, வென்றவர் இழந்த நேரம், போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவற்றையும் அத்தீர்ப்பு சேர்த்தது. அது உரிமையியல் வழக்குகளைக் குறித்து எழுந்ததெனினும், வரி வழக்கிலும் எடுத்துக்காட்டத் தகுந்த அளவுகோலாகும். ஒவ்வொரு விசாரணைக்கும் கடையைப் பூட்டிப் பெங்களூர் செல்பவருக்கு இது சிறு தொகையன்று.

குமாஸ்தாவின் பெயர் அத்தீர்ப்பின் பட்டியலில் இல்லை. இதர செலவு என்னும் தலைப்பில் அவர் கூலியையும் எழுதிக் கேட்கலாம் என்பது எம் கருத்து. அமெரிக்காவில் இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசை எதிர்த்து வென்ற ரிச்லின் என்னும் நிறுவனத்தின் ஒப்பந்த வழக்கில், வக்கீலின் உதவியாளர் கட்டணத்தைச் சந்தை விலைப்படியே தரவேண்டும் என 2008-இல் தீர்ப்பாயிற்று. வரி வழக்குகளுக்கு அந்நாட்டு வரிச் சட்டத்தின் 7430-ஆம் பிரிவு தனியே உள்ளது; அரசின் வாதத்துக்குப் போதிய நியாயம் இருந்திருப்பின் அங்கும் செலவு கிடையாது.

ஆகவே மேல்முறையீட்டு மனுவிலேயே செலவுத்தொகையையும் கோருமாறு வக்கீலிடம் சொல்லிவையுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். குமாஸ்தாவிடம் ரசீது கேட்பது மரியாதையன்று என்று கூசுவோர் உளர். அக்கூச்சம் வேண்டா.

இவற்றைச் சொன்னதும் அன்பர் பையைத் துழாவினார். பெங்களூர்ப் பேருந்துச் சீட்டுகள் இரண்டு அகப்பட்டன. குமாஸ்தாவுக்குக் கொடுத்ததற்கு ஒரு துண்டுத்தாளும் இல்லை. அவர் மைத்துனரின் மேல்முறையீடு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகின்றதாம். அதற்கென ஒரு கணக்குப் புத்தகம் வாங்கிவிட்டதாக மறுநாள் தெரிவித்தார்.