டர்போ பூட்டிய சிறு கார்

சென்ற பொங்கல் விழாவிற்குப் பின், நம் மன்றத்து இளைஞர் நால்வர் தனித்தனியே என்னிடம் வந்து ஒரே வினாவை வினவினர். “அண்ணா, பழைய டர்போ கார் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? வாங்கினால் அதன் திறனை எவ்வளவு ஏற்றலாம்?” நால்வருக்கும் நான்கு முறை விடை கூறுவதினும் மலரில் ஒருமுறை எழுதிவிடுதல் நலம் என்று ஆசிரியர் பணித்தார். அத்தகைய கார் ஒன்றை நான்கு ஆண்டுகளாகத் தில்லியில் வைத்துக் காத்து வருகிறேன் என்பதொன்றே இதனை எழுத எனக்குள்ள தகுதி.

பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவுடைய சிறு குடும்பக் காரில், அதன் உருவுக்கு மிஞ்சிய வலிமையுள்ள எஞ்சினைப் பூட்டினால் அதனை ‘ஹாட் ஹேட்ச்’ என்று மேனாட்டார் அழைப்பர். 1976இல் விற்பனைக்கு வந்த வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. இவ்வகைக்குப் புகழ் தேடித் தந்தது. அதில் டர்போ இல்லை, 1.6 லிட்டர் எஞ்சின் 110 குதிரைத் திறன் தந்தது. டர்போ பின்னர் வந்து சேர்ந்த துணை.

நம் நாட்டில் இவ்வகைக்கு டர்போ இன்றியமையாததாகிவிட்டது. அதற்குக் காரணம் வேகத்தின் மீதுள்ள காதல் மட்டுமன்று. வரிச் சட்டமும் காரணம். 2006ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நீளம் 4 மீட்டருக்கும் பெட்ரோல் எஞ்சின் 1,200 கன செண்டிமீட்டருக்கும் மேற்படாத கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. அவ்வெல்லைகள் இன்றும் உள்ளன. 2025 செப்டம்பர் 22 முதல், எல்லைக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. மீறுவனவற்றுக்கு 40 விழுக்காடு. எஞ்சினைப் பெரிதாக்கினால் வரி ஏறும். ஆகவே சிறிய எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைத் திணிக்கும் வழியைப் பொறியாளர் நாடினர்.

2013இல் வெளிவந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரின் 1,197 கன செண்டிமீட்டர் எஞ்சின் 105 குதிரைத் திறன் தந்தது. 2015இல் வந்த ஃபியட்டின் அபார்த் புண்டோ 1.4 லிட்டரில் 145 தந்தது. வரி எல்லையைத் தாண்டிய வண்டி அது. 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன், திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் பிறந்தது. 998 கன செண்டிமீட்டரில் 120.

என்னிடம் உள்ளது டாட்டா டியாகோ ஜே.டி.பி. அப்பெயரின் முதலெழுத்துக்குரிய ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் கோயம்புத்தூரைச் சேர்ந்தது என்பதை இங்குள்ள வடநாட்டு நண்பர்களிடம் நான் சொல்லாத நாளில்லை. டாட்டாவும் ஜெயமும் கூட்டாக ஆக்கி, 2018 அக்டோபரில் வெளியிட்ட வண்டி இது. சாதாரண டியாகோவின் 1.2 லிட்டர் எஞ்சின் 85 குதிரைத் திறனும் 114 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் உடையது. டர்போ பூட்டிய ஜே.டி.பி.யிலோ 114 குதிரைத் திறன், 150 நியூட்டன் மீட்டர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி நடைமுறைக்கு வந்த காலத்தோடு இதன் உற்பத்தியும் நின்றது. எனவே இன்று கிடைப்பவை எல்லாம் பிறர் ஓட்டிய வண்டிகளே.

மூன்றில் ஒரு பங்கு திறன் எங்கிருந்து கூடியது? இதனை விளங்கிக்கொண்டால் பராமரிப்பு, மாற்றம் இரண்டுக்கும் உரிய விடை தானே கிட்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் சிலிண்டருக்குள் தெளித்துவிடலாம். அதை எரிக்கக் காற்று வேண்டுமே! ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று தேவை. 1.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது, தானாக உறிஞ்சக்கூடிய காற்று ஏறத்தாழ 3,600 லிட்டர்தான். அதற்குமேல் வேண்டுமெனில் எவரேனும் ஊதித் திணிக்க வேண்டும். எஞ்சினிலிருந்து புகையாக வீணே வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டே அவ்வேலையை முடிக்கலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி. 1905இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஓர் அச்சின் இரு முனைகளிலும் இரு சிறு சக்கரங்கள். ஒன்றைப் புகை சுழற்றுகிறது. மற்றொன்று வெளிக்காற்றை இறுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அவ்வளவே டர்போ. ஆனால் அவ்வச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது; சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். புகைப் பக்கத்தின் வெப்பம் 900 பாகை செல்சியசை எட்டக்கூடும். ஒரு முனையில் கொல்லன் உலை, மறு முனையில் வெளிக்காற்று! இரண்டுக்கும் இடையே அவ்வச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே.

இன்னொரு சங்கடமும் உண்டு. காற்றை இறுக்கினால் அது சூடேறும். தில்லியில் மே மாதத்து 45 பாகைக் காற்றை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாக இறுக்கினால், அதன் வெப்பம் 100 பாகையைக் கடந்துவிடும். அதனைத் தணிக்கவே இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான். இருந்தும் காற்று மிகச் சூடாகச் சென்றால், பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி முறையான எரிதலுக்குக் காத்திராமல் தானே வெடிக்கும். இதனையே எஞ்சின் ‘தட்டுகிறது’ என்கிறோம். தட்டலை உணரும் கருவி எஞ்சினில் உண்டு. அது கூறியவுடன் கட்டுப்பாட்டுக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தித் திறனைக் குறைத்துவிடும். கோடை நண்பகலில் என் வண்டி சோம்பேறி ஆவதும், ஜனவரி விடியலில் துள்ளிக் குதிப்பதும் இதனால்தான்.

இதே டர்போ மலையில் காட்டும் பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும். முசூரி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. சாதாரண எஞ்சின் அதற்கேற்ப மூச்சு வாங்கும். டர்போவோ சற்று மிகுதியாகச் சுழன்று பெரும்பாலான குறையை நிரப்பிவிடும். டேராடூனைத் தாண்டி அந்த வளைவுகளில் ஏறும்போதுதான் இவ்வண்டிக்குக் கொடுத்த பணம் நியாயமாகத் தோன்றும்.

இனி வைத்துக் காக்கும் முறை. முதலாவதும் முடிவானதும் எண்ணெய். கணினி 10,000 கிலோமீட்டர் என்று கணக்குச் சொன்னாலும், நான் 7,500இல் மாற்றிவிடுகிறேன். தில்லி நெரிசலில் கிலோமீட்டர் ஏறாமலே எஞ்சின் மணிக்கணக்கில் ஓடுகிறது அன்றோ! மலிவென்று கண்ட எண்ணெயை ஊற்ற வேண்டா. சிறு டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் பெருஞ்சுமை ஏற்றும்போது தீப்பொறிக்கு முன்னரே கலவை பற்றிக்கொள்ளும் தொல்லை உண்டு. அதனைத் தடுக்கும் தகுதி 2020இல் வந்த ஏ.பி.ஐ. ‘எஸ்.பி.’ தரத்து எண்ணெய்க்கு உண்டு. டப்பாவின் பின்புறம் அவ்வெழுத்துகள் உள்ளனவா என்று பார்த்து, உங்கள் வண்டியின் கையேடு கூறும் அடர்த்தியில் வாங்குக. ஐந்தாம் கியரில் ஊர்ந்துகொண்டே முடுக்கியை அழுத்தி மிதிக்கும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும்.

குளிர்காலக் காலையில் தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் எண்ணெயும் சூடாகிவிட்டதாகப் பொருளன்று. அதற்கு இன்னும் சில நிமிடம் வேண்டும். அதுவரை மெதுவாகச் செல்க. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உணவு விடுதி வாயிலில் உடனே எஞ்சினை நிறுத்துவதும் தகாது. ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டால், அச்சைச் சுற்றியுள்ள எண்ணெய் கருகிப் படியாமல் தப்பும்.

இரண்டாவது தூசி. மே, ஜூன் மாதங்களில் இங்கு வீசும் ‘ஆந்தி’யை அறியாதார் யார்? வடிகட்டி கிழிந்தாலோ, சரியாகப் பொருந்தாவிட்டாலோ, அம்மணல் துகள்கள் சுழலும் சக்கரத்தின் இதழ்களை அரித்துவிடும். ஆகவே புழுதிப் பருவம் முடிந்ததும் வடிகட்டியைப் புதிதாக மாற்றுகிறேன். காஷ்மீரி கேட் உதிரிப்பாகச் சந்தையில் போலிகளும் உலவுகின்றன. பழையதைக் கையோடு கொண்டு சென்று, ஓரத்து ரப்பரை ஒப்பிட்டு வாங்குதல் அறிவுடைமை.

பெட்ரோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் தட்டலை நன்கு தடுக்கும். ஆனால் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் சிறிது இறங்கும். இக்கலவையை எண்ணிச் செய்யப்படாத 2018, 2019ஆம் ஆண்டு வண்டிகளில் எரிபொருள் ரப்பர்க் குழாய்களை ஆண்டுதோறும் சோதிப்பது நன்று.

இனி நால்வரும் ஆவலோடு கேட்ட கேள்விக்கு வருவோம். கணினியின் எண்களை மாற்றி, காற்றழுத்தத்தையும் பெட்ரோலையும் கூட்டித் திறனை உயர்த்தும் முறைக்கு ‘ரீமேப்’ என்று பெயர். கத்தியின்றி இரத்தமின்றி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். “கம்பெனிக்காரன் பூட்டி வைத்ததை நாங்கள் திறந்துவிடுகிறோம்” என்பார்கள் பட்டறைக்காரர்கள். ஆனால் அது ஏன் பூட்டப்பட்டது? மட்டமான பெட்ரோல், கோடை வெயில், எண்ணெய் மாற்ற மறந்த உரிமையாளர் ஆகிய மூன்றும் ஒரே நாளில் சேர்ந்து வந்தாலும் எஞ்சின் பிழைக்க வேண்டும் என்று விடப்பட்ட இடைவெளி அது. அதைத்தான் விலைக்கு வாங்குகிறீர்கள்.

என் ஆய்வுத் தோழர் ஒருவர் வாங்கினார். வண்டியும் பட்டறையும் எவை என்பது இங்கு வேண்டா. ஐந்தில் ஒரு பங்கு திறன் கூடியது. குளிர்காலம் முழுவதும் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பெருமையாகச் சுற்றினார். மே மாதம், நால்வரை ஏற்றி, குளிர்சாதனத்தை ஓட்டியபடி யமுனை விரைவுச் சாலையில் ஆக்ராவுக்குப் புறப்பட்டார். மதுராவுக்கு முன்பே எஞ்சின் நடுங்கிற்று; புகை நீலமாக வந்தது. பிரித்துப் பார்த்தபோது, ஒரு பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடைந்து கிடந்தது. பட்டறைக்காரர் பெட்ரோலைக் குறை கூறினார். இயந்திரக் கோளாறு சாதாரண மோட்டார்க் காப்பீட்டில் அடங்காது. மாதம் 37,000 ரூபாய் பெறும் இளநிலை ஆய்வாளர் அவர். செலவு நான்கு மாத உதவித் தொகையை விழுங்கிற்று. ஊரில் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த வைத்திருந்த பணம் அது. அவ்வாண்டு அவள் சேர்க்கைக்கு அவர் கடன் வாங்கினார்.

சட்டமும் கவனிக்கற்பாலது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. மாற்றத்தை மறைத்து வைத்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் வழக்காடவும் இடமுண்டு. வெடிச் சத்தமிடும் புகைக்குழாயைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. விடுதியில் தூங்க முயல்பவன் நான்.

அப்படியானால் ஒன்றுமே செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செலவழிக்க இடமுண்டு. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 120க்கு வேகம் ஏறினால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 2¼ மடங்காகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய எண்ணெய் மலை இறக்கத்தில் கொதித்துவிட்டால் மிதி வெறுமனே கீழே போகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவதும், நல்ல பிரேக் பட்டைகள் போடுவதும் சட்டத்துக்கும் உடன்பாடு. என் வண்டியில் நான் செலவு செய்த மிகப் பெரிய தொகை, அதே அளவில் உயர்ந்த ரக டயர் நான்குக்குத்தான். மழையில் வளைவு திரும்பும்போது வேறு வண்டியில் அமர்ந்தாற்போலிருந்தது. கூம்பு வடிவ வெற்று வடிகட்டியை மட்டும் எவர் சொன்னாலும் மாட்டாதீர்கள். எஞ்சினறையின் சூடான காற்றையும் தூசியையும் ஒருங்கே உள்ளே இழுக்கும்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எண்ணெய் மாற்றிய ரசீதுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். அவை இல்லாத டர்போ வண்டி எவ்வளவு பளபளத்தாலும் வேண்டா. இன்டர்கூலருக்குச் செல்லும் குழாயைக் கழற்றச் செய்து உட்புறம் பாருங்கள். மெல்லிய ஈரம் இயல்பு, எண்ணெய் தேங்கி நிற்பின் டர்போவின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கிலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. முன்பு ரீமேப் செய்து திரும்ப மாற்றியதுண்டா என்பதை, அவ்வகை வண்டிக்குரிய பணிமனையில் கணினியைச் சோதித்துக் கேளுங்கள். நீலப்புகை பெரும்பாலும் குளிர்ந்த எஞ்சினை முதன்முதல் கிளப்பும்போதுதான் முகம் காட்டும். அதனால் விற்பவர் சிலர், நீங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பர். போனவுடன் எஞ்சின் மூடியின் மேல் கை வைத்துப் பாருங்கள்; சுட்டால், மறுநாள் காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிடுங்கள்.