நூறு மைல் வட்டத்தில் ஓராண்டு உணவு

தன் நிலத்தில் விளைந்ததைக் குதிரில் சேர்த்து உண்பது குடியானவனுக்குப் புதிதன்று. ஆனால் நகரவாசி ஒருவன், தன் ஊருக்கு அருகே விளைவதை மட்டுமே உண்பதென்று உறுதி பூண்டால் அவனுக்கு எவை கிடைக்கும், எவை கிடையா? இதனைச் சோதித்தறிந்த ஒரு குடும்பத்தாரின் அநுபவம், நிலச் சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் சிந்திக்கத் தக்கது.

கனடா தேசத்தின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வான்கூவர் நகரம் இருக்கிறது. அங்கு வசித்த எழுத்தாளர்களான அலிசா ஸ்மித் அம்மையாரும் ஜே. பி. மக்கின்னனும் 2005-ம் வருஷம் மார்ச்சு மாதம் 21-ந் தேதி தொடங்கி ஓராண்டு வரை, தம் வீட்டிலிருந்து நூறு மைலுக்குள் உற்பத்தியான பொருள்களையே உண்பதென்று விரதம் மேற்கொண்டனர். தம் அநுபவத்தை 2007-ல் நூலாகவும் வெளியிட்டனர்.

அவ்வட்டம் வளம் குன்றியதன்று. பிரேசர் நதியின் பள்ளத்தாக்கும் கழிமுகமும், வான்கூவர் தீவின் தென்பகுதியும், மீன்வளம் மிக்க கடலும் அதனுள் அடங்கும். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பழங்கள், பாலடைக்கட்டி, முட்டை, மீன் முதலியன கிடைத்தன. சர்க்கரை, அரிசி, காப்பி, எலுமிச்சை ஆகியவற்றை விலக்க நேர்ந்தது. சர்க்கரைக்குப் பதிலாகத் தேனை உபயோகித்தனர். முதல் விருந்திற்கே நூறு டாலருக்கு மேல் செலவாயிற்று.

எல்லாவற்றினும் பெருங்குறை கோதுமையே. ரொட்டி உண்டு பழகிய அவ்விருவரும் பல மாதங்கள் ரொட்டியின்றி உருளைக்கிழங்கையே பெரிதும் நம்பியிருந்தனர். கையில் பணமிருந்தும் மாவு அகப்படவில்லை. வட்டத்தினுள் கோதுமை பயிரிடும் விவசாயி ஒருவரை நெடுநாள் தேடியே கண்டனர்.

அந்நிலம் கோதுமைக்கு ஏற்றதன்று என எண்ணலாகாது. ஹட்ஸன் பே கம்பெனியார் 1827-ல் பிரேசர் நதிக்கரையில் லாங்லி கோட்டையை நிறுவினர். அதைச் சார்ந்த பண்ணையில் கோதுமை விளைந்தது. 1839-ல் அக்கம்பெனியார், அலாஸ்காவிலிருந்த ருஷியருக்குத் தானியம் முதலியன அனுப்ப ஒப்பந்தமும் செய்துகொண்டனர். பின்னர் 1885-ல், மலைத்தொடரைக் கடந்து மேற்குக் கரையை எட்டும் ரயில்பாதை போட்டு முடிந்தது. மலைக்கு அப்பாலுள்ள பரந்த சமவெளியின் கோதுமை எளிதில் வந்து சேர வழி ஏற்பட்டது. கரையோரத்து விவசாயிகள் பால், காய்கறி, பழம் ஆகியவற்றில் அதிகமாக ஈடுபடலாயினர். வருமானத்தை நோக்கின் இது பிழையன்று. ஆயினும் ஒரு பயிர் ஒரு பிரதேசத்தை விட்டு நீங்குமாயின், அதன் விதையும், அதை அரைக்கும் ஆலையும், செய்கை முறையறிந்த கைகளும் உடன் நீங்கிவிடும். இவற்றை மீட்பது எளிதன்று.

மற்றொரு பாடம் சேமிப்பைப் பற்றியது. குளிர்காலத்தில் தோட்டம் சிறிதே தரும். ஆதலால் கோடையில் மலிவாகக் கிடைக்கும் மக்காச்சோளம், தக்காளி, பழங்கள் முதலியவற்றை அப்பொழுதே பதப்படுத்தி வைத்தல் இன்றியமையாததாயிற்று. விளைச்சல் காலத்து உழைப்பே பின்மாதங்களில் உணவாயிற்று.

கிராம அதிகாரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெருநகரம் ஒன்றின் அருகே இவ்வளவு விளைநிலம் வீட்டு மனைகளாக மாறாது எஞ்சியிருந்ததற்குச் சட்டமும் ஒரு காரணமாகும். பிரிட்டிஷ் கொலம்பியா அரசாங்கம் 1973-ல், சுமார் 47 லட்சம் ஹெக்டேர் நிலத்தை விவசாயத்திற்கென ஒதுக்கி, உத்தரவின்றி வேறு உபயோகத்திற்கு மாற்றலாகாதென்று விதித்தது. அந்நிலம் மனையாகியிருப்பின் இவ்விருவரின் விரதம் ஒரு மாதமும் நீடித்திராது.

விற்பனைப் பயிரை விட்டுவிடும்படி நாம் கூறவில்லை. நல்ல விலை தரும் பயிரைச் செய்க. ஆயின் நிலத்தில் ஒரு பங்கேனும் வீட்டுத் தானியத்திற்கும், பயறு வகைக்கும், எண்ணெய் வித்துக்கும் ஒதுக்குக. முளைப்புத்திறன் வாய்ந்த விதையை ஆண்டுதோறும் எடுத்துவைக்க. ஊரிலுள்ள அரவை ஆலைக்கும் செக்கிற்கும் வேலை கொடுத்து அவற்றை நிலைக்கச் செய்க. கிராம அதிகாரிகள் விளைநிலம் மனையாகும் ஒவ்வொரு மாறுதலையும் கணக்கில் தவறாது பதிந்து, மேலதிகாரிகளுக்கு உடனுக்குடன் தெரிவிப்பாராக. வெளியூர்த் தானியம் வந்துகொண்டிருக்கும் நல்ல காலத்திலேயே இவற்றைச் செய்துகொள்ளுதல் அறிவுடைமையாகும்.