ஒரு பனிக்காலத்துக்கு 900 கிராம்

நவம்பர் முதல் பிப்ரவரி முடிய 120 நாள். கசார்வாடியில் குடியிருக்கும் ஒருவர் இந்த 120 நாளும் முழங்கைக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே, பாதம் வரை தினம் ஒருமுறை எண்ணெயோ லோஷனோ ஒழுங்காகத் தடவினால் செலவாகும் அளவு 900 கிராம். 50 கிராம் டப்பா ஒன்றிலேயே பனிக்காலத்தைத் தள்ளுகிறவருக்கு நாளுக்கு 0.42 கிராம்தான் தேறும்; தேவையில் பதினெட்டில் ஒரு பங்கு. "எதைத் தடவினாலும் கேட்கவில்லை" என்று சலித்துக்கொள்கிறவர்கள் அடுத்த பிராண்டுக்குத் தாவும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

காற்றுக் கணக்கு

பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள், மும்பை–புனே சாலையை ஒட்டிய பகுதி கசார்வாடி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரம். சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வேலைக்காக இங்கே வந்து சேர்கிறவர் முதலில் உணர்வது குளிரை. அவர் தோல் உணர்வதோ காற்றின் வறட்சியை.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30.4 கிராம் நீராவியைத் தாங்கும். கடலோர ஊரில் ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்தால், காற்றில் ஏற்கெனவே 21.3 கிராம் இருக்கிறது, இன்னும் 9.1 கிராமுக்குத்தான் இடம். தக்காணத்துப் பனிக்காலப் பகலில் ஈரப்பதம் 30 விழுக்காட்டை ஒட்டி இறங்கும்போது கணக்கு அப்படியே தலைகீழாகிறது: இருப்பு 9.1 கிராம், காலியிடம் 21.3 கிராம். அதே வெப்பத்தில் காற்று உறிஞ்சக் காத்திருக்கும் ஈரம் 2.3 மடங்கு. மார்ச், ஏப்ரல் பகல்களில் ஈரப்பதம் இன்னும் இறங்கும். குளிர் போய்விட்டது என்று டப்பாவை மூடி வைத்தபின்னும் சிலருக்குச் சொரசொரப்பு தொடர்வது இதனால்தான்.

தோல் கணக்கு

வளர்ந்த ஒருவரின் தோல் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். அதன் மேலடுக்கின் கனம் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆரோக்கியமான தோலில் வியர்வை கணக்கில் சேராமலேயே சதுர மீட்டருக்கு மணிக்கு 5 முதல் 10 கிராம் நீர் ஆவியாகிறது. உடல் முழுவதற்கும் ஒரு நாளுக்குப் பெருக்கினால் 216 முதல் 432 கிராம்.

இந்த இழப்பைக் கட்டுக்குள் வைப்பது செல்களுக்கு இடையே இருக்கும் கொழுப்பு. அதில் ஏறக்குறையப் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். மேலடுக்கின் நீர் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தோல் வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். பழைய செல்களைக் கழற்றிவிடும் நொதிகளுக்கும் ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் உதிர வேண்டியவை கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. காலில் வெள்ளை பூத்தாற்போல் தெரிவது அதுதான்.

குடிக்கும் தண்ணீரை இரட்டிப்பாக்கினால் இது சரியாகிவிடாது. உடலுக்குப் போதிய நீர் இருக்கும்வரை, சிக்கல் நீரின் வரவில் இல்லை, கசிவில் இருக்கிறது.

குளியலறைக் கணக்கு

கசிவைப் பெருக்குபவை குளியலறையில் மூன்று.

முதலாவது சோப்பு. தோலின் இயல்பான பிஎச் 4.5 முதல் 5.5, சாதாரண சோப்பு நுரையின் பிஎச் 9 முதல் 10. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி குளியல் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் முதல் தரத்தில் குறைந்தது 76 விழுக்காடு, இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. உறையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் இந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம். ஆனால் 76 என்றிருந்தாலும் சோப்பு சோப்புதான். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குத் தினமும் சோப்பு போதும். அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ படியாத நாளில் கைகால் முழுக்க நுரை தேவையில்லை.

இரண்டாவது கடின நீர். பவனா அணை நீரை விநியோகிக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி, 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற முறைக்கு மாறியது. குழாய் நீர் போதாத குடியிருப்புகளில் ஆழ்துளைக் கிணறும் டேங்கரும் இடத்தை நிரப்புகின்றன. குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 600 வரை. 300 மில்லிகிராம் உள்ள நீரில் 20 லிட்டர் வாளி ஒன்றுக்குச் கால்சியம் கார்பனேட் கணக்கில் 6 கிராம் உப்பு. அது முழுவதும் சோப்போடு சேர்ந்தால் சுமார் 37 கிராம் சோப்பைக் கரையாத திரியாக்கிவிடும். 100 மில்லிகிராம் நீரில் இது 12 கிராம்தான். நுரை வரவில்லையே என்று இன்னும் தேய்க்கிறோம். திரி தோலில் படிகிறது. கடைசி இரண்டு சொம்பையாவது குழாய் நீரில் ஊற்றிக்கொள்வது நல்லது.

மூன்றாவது சூடு. கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் தோலின் கொழுப்பு இளகிப் போகும். 22 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் நீரை 45 டிகிரிக்கு ஏற்ற 0.53 யூனிட் மின்சாரம். 37 டிகிரியோடு நிறுத்தினால் 0.35 யூனிட். ஒரு குளியலுக்கு 0.18 யூனிட் மிச்சம் என்றால் 120 நாளில் சுமார் 22 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 176 ரூபாய்.

தடவும் கணக்கு

தோல் மருத்துவத்தில் விரல்நுனி அளவு என்று ஒரு கணக்கு உண்டு; 1991இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் லாங்கும் ஃபின்லேயும் வகுத்தது. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை டியூபைப் பிதுக்கினால் வருவது சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும்.

– முழங்கைக்குக் கீழே, இரு பக்கமும்: 3 விரல்நுனி
– இரு கைகள், முன்னும் பின்னும்: 2
– முழங்காலுக்குக் கீழே, இரு பக்கமும்: 6
– இரு பாதங்கள்: 4
– மொத்தம்: 15 விரல்நுனி, 7.5 கிராம்

உடல் முழுவதும் தடவ 40 விரல்நுனி, அதாவது 20 கிராம். 50 கிராம் டப்பா உடல் முழுவதற்கு இரண்டரை நாள். கைகாலுக்கு மட்டும் என்றால் ஒரு வாரத்துக்கும் குறைவு.

தடவும் நேரமும் கணக்கில் சேரும். குளியல் 5 முதல் 10 நிமிடம். துண்டால் ஒற்றியெடுத்துவிட்டு, ஈரம் காயும் முன் மூன்று நிமிடத்துக்குள் தடவ வேண்டும். காய்ந்த தோலில் தடவினால் பூட்டி வைக்க உள்ளே ஈரம் இருக்காது. தீபாவளிக்கு நாம் நல்லெண்ணெய் வைக்கிறோம். மராட்டியர் அதே நாளில் எண்ணெயும் உட்டணை என்ற வாசனை மாவும் தேய்த்து அப்யங்க ஸ்நானம் செய்கிறார்கள். பனிக்காலத்தின் வாசலில் இரு வழக்கமும் சந்திக்கின்றன. ஆனால் அன்று எண்ணெய் குளியலுக்கு முன்னால். சீயக்காயும் மாவும் அதில் பாதியைக் கொண்டுபோய்விடும். மற்ற நாள்களுக்குக் குளியலுக்குப் பின்னால் தடவுவதே கைகொடுக்கும்.

பணக் கணக்கு

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். கீழே வைத்திருப்பவை கணக்குக்கான விலைகள். உங்கள் ரசீதில் உள்ள எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஒருவருக்கு, 120 நாளுக்கு, 900 கிராம்:

– தேங்காயெண்ணெய், கிலோ 450 ரூபாய்: 405 ரூபாய்
– சாதாரண லோஷன், கிராம் 1 ரூபாய்: 900 ரூபாய்
– செராமைடு கிரீம், கிராம் 5 ரூபாய்: 4,500 ரூபாய்

வரவுப் பக்கம்: மின்சாரத்தில் 176 ரூபாய். மாதம் 100 கிராம் சோப்பு 50 ஆகக் குறைந்தால், 100 கிராம் 40 ரூபாய் விலையில் நான்கு மாதத்துக்கு 80 ரூபாய். மொத்தம் 256. கழித்துப் பார்த்தால் தேங்காயெண்ணெய்க்காரருக்கு நிகரச் செலவு 149 ரூபாய், லோஷன்காரருக்கு 644, செராமைடு கிரீம்காரருக்கு 4,244.

வரியும் இந்த வித்தியாசத்தில் ஒளிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக்கு ஜிஎஸ்டி 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. லோஷனும் கிரீமும் 18இலேயே நின்றன. சிறிய பாட்டிலில் வரும் தேங்காயெண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்ற நீண்ட வழக்கில், 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சமையல் எண்ணெய் என்றே வகைப்படுத்தலாம் என்றது. சேலம் கலால் ஆணையர் தொடுத்த மேல்முறையீடு அது. சமையல் எண்ணெய்க்கு 5 விழுக்காடு. மேலே உள்ள 405 ரூபாயில் வரி 19. 900 ரூபாயில் 137.

மலிவானது வேலை செய்யுமா? 2004இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்றில், வறண்ட தோல் உள்ள 34 பேர் தேங்காயெண்ணெயோ மினரல் ஆயிலோ இரண்டு வாரம் தினம் இருமுறை காலில் தடவினார்கள். இரண்டும் சம அளவில் பலன் தந்தன. நீர் ஆவியாவதைத் தடுப்பதில் மட்டும் பார்த்தால் பெட்ரோலியம் ஜெல்லியை எந்தத் தாவர எண்ணெயும் நெருங்காது. குதிகால் வெடிப்புக்கு இரவில் அதைப் பூசிக் காலுறை மாட்டிக்கொள்ளலாம். தடித்துப்போன குதிகாலுக்கு 10 விழுக்காடு யூரியா கிரீம் உதவும். வெடிப்பு திறந்திருந்தால் எரியும். செராமைடு கிரீம் வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் 4,500 ரூபாய்க்கு மனம் வராமல் அதையே 50 கிராமில் ஒப்பேற்றுவதைவிட, 405 ரூபாய் எண்ணெயை முழு அளவில் தடவுவது லாபம்.

தொழிற்சாலையில் ஆயிலும் கூலன்ட்டும் படும் கைகளுக்கும், பாத்திரம் துலக்கும் கைகளுக்கும் ஒருமுறை போதாது. ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் இரண்டு விரல்நுனி என்றால், நாளுக்கு ஐந்து கழுவலுக்கு 5 கிராம் கூடுதல். மாதம் 150 கிராம்.

கணக்குக்குள் அடங்காதவை

வெடிப்பில் ரத்தமோ சீழோ வந்தால், நமைச்சல் தூக்கத்தைக் கெடுத்தால், சர்க்கரை நோயாளியின் பாதம் வெடித்தால் இந்தப் பேரேட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை சந்த் துக்காராம் நகரில் இருக்கிறது. கசார்வாடி மெட்ரோவிலிருந்து பிம்ப்ரி பக்கம் இரண்டாவது நிலையம். மருந்துக்கடையில் நீங்களாகவே கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்க வேண்டாம். 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு அறிவித்தது. அவை தோலை மெலிய வைக்கும்.

தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். எதைத் தேர்ந்தாலும் 14 நாள், 105 கிராம் கொடுத்துப் பாருங்கள். அதன்பின்னும் கேட்கவில்லை என்றால் பொருளை மாற்றுங்கள். அதற்கு முன் மாற்ற வேண்டியது அளவை மட்டும்.