டீசல் இன்ஜின் எத்தனை லட்சம் கிலோமீட்டர் தாங்கும்? சந்தேகங்களும் விளக்கங்களும்

2020 ஏப்ரல் 1-ம் தேதி பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களையே கைவிட்டது. ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, பிரெஸ்ஸா எனப் பல வண்டிகளில் இருந்த 1,248 சிசி ஃபியட் டீசல் இன்ஜினின் தயாரிப்பும் அதோடு முடிந்தது. ஆனால் அந்த வண்டிகள் சாலையை விட்டுப் போகவில்லை. பழைய 2.5 லிட்டர் இன்னோவாவும் பொலிரோவும் அப்படித்தான். இவற்றை வாங்க நினைப்பவர்களும் வைத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன.

மீட்டர் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்ஜின் ஆயுள் முடிந்துவிட்டதா?

இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி, சூடேறவிடாமல் ஓட்டிய டீசல் கார் இன்ஜின், பிரிக்காமலேயே 3 லட்சம் கி.மீ. போவது சாதாரணம். டாக்சியாக ஓடிய இன்னோவாக்கள் 5 லட்சத்தைத் தாண்டியும் ஓடுவதை நெடுஞ்சாலை டீக்கடைகளில் நிற்கும் ஓட்டுநர்களே சொல்வார்கள். அதே இன்ஜின் 1.5 லட்சத்தில் ‘ஆயில் குடிக்க’ ஆரம்பித்து, ரிங், லைனர் மாற்ற இறக்கப்பட்டதும் உண்டு.

கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் இங்கே பெரிய தவறு. இன்ஜினின் தேய்மானம், அது எத்தனை மணி நேரம் சுற்றியது, எத்தனை முறை குளிர்ந்த நிலையில் உயிர்ப்பிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. மதுரைக்கும் சென்னைக்கும் நான்குவழிச் சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் போய்வரும் வண்டி, 3 லட்சம் கி.மீ. ஓட 5,000 மணி நேரம் ஆகும். சென்னைக்குள்ளேயே சிக்னலுக்கு சிக்னல் நின்று, சராசரி 20 கி.மீ. வேகத்தில் நகரும் வண்டி, அதே 5,000 மணி நேரத்தில் 1 லட்சம் கி.மீ.தான் காட்டும். விளம்பரத்தில் இரண்டாவது வண்டி ‘குறைவாக ஓடியது’. இன்ஜினைப் பொறுத்தவரை இரண்டும் சம வயது. சொல்லப்போனால், அடிக்கடி நிறுத்தி நிறுத்திக் கிளப்பிய நகர வண்டிதான் கூடுதலாகத் தேய்ந்திருக்கும்.

46 லட்சம் கி.மீ. ஓடிய பென்ஸ் கார் இருக்கிறதாமே?

இருக்கிறது. கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவரின் 1976-ம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி. 2004-ல் அதை நிறுவனமே தன் அருங்காட்சியகத்துக்காகப் பெற்றுக்கொண்டது. ஆனால் 46 லட்சமும் ஒரே இன்ஜினில் ஓடியதல்ல. இன்ஜின்களை இறக்கிச் சீர்செய்து மாற்றி மாற்றிப் பொருத்தித்தான் அவர் அந்தத் தூரத்தைக் கடந்தார். பகிரப்படும் செய்திகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

டீசல் இன்ஜின் பெட்ரோலைவிட அதிகம் உழைக்கும் என்பது உண்மையா?

அடிப்படையில் உண்மை. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 15 முதல் 20 மடங்குவரை அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்க பிளாக், பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் எல்லாமே கனமாகச் செய்யப்படுகின்றன. பெட்ரோல் இன்ஜின் 6,000 சுற்றுக்கு மேலும் போகும். கார் டீசல் 4,500-க்கும் 5,000-க்கும் இடையில் நின்றுவிடும். மெதுவாகச் சுற்றும் கனமான இன்ஜின் நீடிப்பதில் வியப்பில்லை.

ஆனால் ‘டீசல்னா அழியாது’ என்ற நம்பிக்கை அம்பாசடர் காலத்து டீசலில் பிறந்தது. அந்த இன்ஜினில் டர்போ இல்லை, காமன் ரயில் இல்லை, சென்சார்கள் இல்லை. இன்றைய டீசலில் பிளாக் பழைய உறுதியோடு இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள டர்போ, இன்ஜெக்டர், உயர் அழுத்த பம்ப், புகையின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு, புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஆகியவைதான் முதலில் கைவிரிக்கின்றன. அவற்றின் செலவு வண்டியின் விலையை எட்டும்போது, நல்ல இன்ஜின் இருந்தும் வண்டி காயலான் கடைக்குப் போகிறது.

ஆயில் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. டீசல் எரியும்போது கரி உண்டாகும். அந்தக் கரியைத் தன்னிடம் இழுத்து, படியவிடாமல் மிதக்க வைப்பது ஆயிலின் வேலை. சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயில் கறுப்பாவது, அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். நிறத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள்.

பல கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது என்று கையேட்டில் எழுதியிருக்கும். அந்த ‘ஓராண்டு’ என்ற சொல்லை மறந்துவிடுகிறோம். ஆண்டுக்கு 4,000 கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்கும் 12 மாதத்தில் ஆயில் மாற்றித்தான் ஆக வேண்டும். அதே கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கென்று குறைந்த இடைவெளி தனியாகத் தந்திருப்பார்கள். தூசிச் சாலை, நெரிசல், குறுந்தூரம், ஏசி போட்டபடி மணிக்கணக்கில் நிற்பது எல்லாம் அதில் அடங்கும். நம்மூர் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில்தான் வரும். ஆகவே 10,000-க்குப் பதில் 7,500-ல் மாற்றுவது வீண் செலவல்ல. ஆயில் ஃபில்டரையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கழுவி மறுபடி போடும் பழக்கம் பழைய லாரிகளோடு போகட்டும்.

ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டி எத்தனை நாள் ஓட்டலாம்?

தட்டாதீர்கள், மாற்றுங்கள். கல்குவாரி, எம்-சாண்ட் லாரிகள் ஓடும் சாலையில் பறப்பது சிலிக்கா தூசி. அது உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உப்புத்தாள் தேய்த்ததுபோல் தேயும். புது ஃபில்டருக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

டைமிங் பெல்ட் என்கிறார்கள், செயின் என்கிறார்கள். என்ன வேறுபாடு?

கிராங்கையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது இதுதான். 1.3 ஃபியட் டீசலில் இருப்பது செயின். அதற்குக் கெடு கிடையாது, சத்தம் வந்தால் கவனிக்க வேண்டும். பழைய 2.5 இன்னோவாவிலும், 1.5 லிட்டர் டஸ்டரிலும் இருப்பது ரப்பர் பெல்ட். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடுவும் உண்டு, ஆண்டுக் கெடுவும் உண்டு. உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை அடிக்கும். வால்வு வளையும், சிலநேரம் ஹெட்டே போகும். அதுவரை மெழுகாக ஓடிய இன்ஜின் ஒரு நொடியில் முடிந்துபோகும் வழி இது. இரண்டாம் கையாக வாங்கிய வண்டியில் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு உடனே மாற்றிவிடுங்கள். டென்ஷனர், வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் போதாதா?

வழியில் ஹோஸ் வெடித்துவிட்டால் கிடைத்த தண்ணீரை ஊற்றி ஊர் வந்து சேரலாம். அதையே வழக்கமாக்கினால் ஆபத்து. போர் தண்ணீரின் உப்பு, ரேடியேட்டர் குழாய்களிலும் ஹெட்டுக்குள்ளே தண்ணீர் ஓடும் பாதைகளிலும் படிந்து அடைக்கும். பல டீசல்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடு எல்லை மீறினால் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், கூலன்ட்டும் ஆயிலும் கலந்துவிடும். கூலன்ட் கொதிப்பதைத் தடுப்பதோடு துருவையும் தடுக்கிறது. கலந்து விற்கப்படும் கூலன்ட்டை வாங்கி ஊற்றுங்கள், அல்லது டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். டெம்பரேச்சர் முள் ஏறினால் ‘இன்னும் 5 கி.மீ.தான்’ என்று ஓட்டாதீர்கள். மக்கள் இன்ஜினை இழப்பது அந்த 5 கி.மீ.யில்தான்.

காலையில் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டுமா? நிறுத்தும்போது?

நம் வெயிலுக்கு அரை நிமிடம் போதும்; பிறகு முதல் சில கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓட்டினால் சரி. நிறுத்தும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். ஏற்காடு ஏறி முடித்த வேகத்தில் டீக்கடை முன்னால் சட்டென்று சாவியைத் திருகினால், ஆயில் ஓட்டம் நிற்கும், கொதிக்கும் டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கருகும். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்துங்கள்.

டீசல் டேங்கை ரிசர்வ் வரை ஓட்டலாமா?

வழக்கமாக வேண்டாம். பாதி காலியான டேங்கில் ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீர் சேரும். காமன் ரயில் இன்ஜெக்டர் 1,600 பார் அளவு அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதன் உள்ளிடைவெளிகள் மைக்ரான் கணக்கில் இருப்பவை. தண்ணீரும் தூசியும் அதன் முதல் எதிரிகள். டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றே வடித்துவிடுங்கள்.

பிஎஸ்-6 டீசல் வாங்கினேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 4 கி.மீ. டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு விற்பனையின்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும். டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் பீங்கான் வடிகட்டி. நிறைந்ததும் சுமார் 600 டிகிரி சூட்டில் கரியைத் தானே எரித்துவிடும். அந்தச் சூட்டை எட்ட வண்டி நிற்காமல் 15, 20 நிமிடம் ஓட வேண்டும். 4 கி.மீ. பயணத்தில் இன்ஜினே முழுச் சூட்டுக்கு வராது. எரிக்கத் தொடங்கும், நீங்கள் நிறுத்திவிடுவீர்கள், மறுநாளும் இதேதான்.

இதில் கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்று இருக்கிறது. வடிகட்டியைச் சூடாக்க, பல இன்ஜின்களில் சிலிண்டருக்குள் கடைசி நேரத்தில் கூடுதல் டீசல் பீய்ச்சப்படுகிறது. எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். காலையில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் கோடு மேல் குறிக்கும் மேலே ஏறியிருந்தால், ‘ஆயில் குறையவே இல்லை’ என்று மகிழ வேண்டாம். விரலில் தொட்டால் தண்ணீராக ஓடும், டீசல் வாடை அடிக்கும். அந்த ஆயிலால் பேரிங்கைக் காக்க முடியாது. உடனே மாற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறையாவது பைபாஸ் பக்கம் எடுத்துப் போய், 60 கி.மீ.க்கு மேல் சீராக 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். பிஎஸ்-6 வண்டிக்கென்று சொல்லப்பட்ட, குறைந்த சாம்பல் விடும் ஆயிலையே ஊற்றுங்கள். பழைய டீசல் ஆயிலின் சாம்பல் வடிகட்டியை நிரந்தரமாக அடைக்கும். டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம்; அந்தக் கரி நம் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகும். தினமும் குறுந்தூரம் மட்டுமே போகிறவர்கள் பெட்ரோல் வாங்குவதுதான் சரி என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பத்து ஆண்டுகளில் டீசல் காரைத் தூக்கிப் போட வேண்டுமாமே?

அது டெல்லி வட்டாரத்துக்கானது. 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதைச் சுற்றி வழக்குகள் பின்னரும் தொடர்ந்தன. தமிழ்நாட்டில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கிளப்பிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் இப்படிப் போன இன்ஜின்கள் ஏராளம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருகினால் கனெக்டிங் ராடு வளையும். டீசலில் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் மிகக் குறுகியது என்பதால் கொஞ்சம் தண்ணீரே போதும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் ஏற்றி ஒர்க்ஷாப்புக்கு அனுப்புங்கள். சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

3 லட்சம் ஓடிய இன்னோவா விலைக்கு வருகிறது. இன்ஜினை எப்படிப் பார்ப்பது?

காலையில், சொல்லாமல் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். முதலில் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கரும்புகை பெரும்பாலும் இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர் வேலை.

பிறகு ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, திருகாமல் அந்த ஆயில் வாய் மேல் சும்மா வையுங்கள். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. மூடி துள்ளினாலோ, புகை குபுகுபுவென்று தள்ளினாலோ அதைத்தான் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்பார்கள். ரிங்குகள் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று பொருள். கூலன்ட் டேங்கில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்றும் பாருங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள்; அதைக் குறைப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸில் விட்ட வண்டியென்றால், பதிவேட்டில் எந்தத் தேதியில் எத்தனை கி.மீ. என்பது இருக்கும். உரிமையாளரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். தந்தால், அதில் டைமிங் பெல்ட் மாற்றிய வரி எங்கே என்று தேடுங்கள். அது இல்லாவிட்டால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.