பெயரில்லாத பெண்ணின் படம்

ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்று மாலை வேளையிற் கீழே நோக்குவோருக்குத் திருகோணமலையின் உட்துறைமுகம் எழுதிய சித்திரம் போலத் தோன்றும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கிலக் கடற்படையினரும் பிரயாணிகளும் இத்துறைமுகத்தைப் படம் பிடித்துச் சென்றுள்ளனர். அப்படங்களிலே கப்பல்களுக்குப் பெயர் உண்டு. கரையில் நிற்கும் மனிதருக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. அண்மையில் நம் மாணவர்களுக்கு ஒரு புகைப்படக் கலைஞரின் படங்களைக் காட்டியபொழுது இக்குறை நம் மனத்தில் மீண்டும் உறுத்தலாயிற்று.

அக்கலைஞர் பெங்களூரைச் சேர்ந்த என். புஷ்பமாலா. 1956 ஆம் ஆண்டிற் பிறந்தவர். பரோடாவிற் சிற்பக்கலை பயின்றவர். 1990களின் நடுப்பகுதியில் அவர் கமராவின் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அதன் பின்னே நில்லாது முன்னே சென்று நின்றதுதான் விந்தை. வேடம் புனைந்து, பின்திரை எழுதுவித்து, தம்மையே பிறரைக்கொண்டு படம் எடுப்பிப்பது அவர் முறை. கூத்தும் நாடகமும் பார்த்து வளர்ந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று.

2000 முதல் 2004 வரை, கிளேர் ஆர்னி என்னும் படப்பிடிப்பாளருடன் சேர்ந்து அவர் ஆக்கிய வரிசைக்குத் 'தென்னிந்தியாவின் சுதேசப் பெண்கள்' என்று பெயர். அதில் அவர் ரவிவர்மாவின் இலக்குமியாகத் தாமரைமேல் நிற்கிறார். நிலவொளியில் அமர்ந்த நங்கையாகிறார். களவுக் குற்றத்துக்குப் பிடிபட்டுப் பத்திரிகையிற் படமாக வந்த பெண்ணாகவும் வருகிறார். இலக்குமி வேடத்தைக் கண்டதும் நம் மாணவர் சிரித்துவிட்டனர். வீட்டுச் சுவாமியறையில் நாள்தோறும் கும்பிடும் படத்தில் ஒரு மானிடப் பெண்ணின் களைத்த கண்களைக் கண்டால் முதலிற் சிரிப்புத்தான் வரும் போலும். ஆயின் அடுத்த படத்தில் எவரும் சிரிக்கவில்லை. சதுரக் கட்டமிட்ட திரையின்முன், அளக்கப்படும் பொருளாக, ஒரு பழங்குடிப் பெண் நிற்கின்ற படம் அது.

அக்கட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1869 ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த லாம்ப்ரே என்பவர், மரச்சட்டத்தில் இரண்டு அங்குலச் சதுரங்களாக நூல் கட்டி, அதன்முன் மனிதரை நிறுத்திப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். உடலின் அளவைக் கட்டங்களை எண்ணியே அறியலாமன்றோ! சென்னை நூதனசாலையின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன், அங்கு வந்தோரின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி அவர் எழுதிய நூல் 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அத்தகைய நூல்களின் தலைப்பை ஏளனஞ் செய்தே புஷ்பமாலா தம் வரிசைக்குப் பெயர் சூட்டினார்.

2019 ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களிற் சென்னையில் நடைபெற்ற புகைப்படக் கலை விழாவை அமைத்தவரும் இவரே. விழாவின் முக்கிய இடங்களில் ஒன்று எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி. இடத்தின் பொருத்தத்தை நேயர்கள் நோக்குக. அலெக்சாந்தர் ஹன்டர் என்னும் வைத்தியர் 1850 இல் தொடங்கிய அக்கல்லூரியில், அவ்வாண்டுகளிலேயே புகைப்படத் தொழில் கற்பிக்கப்பட்டது. 1858 இல் லினேயஸ் திரைப் என்னும் இராணுவத்தார், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டினை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டிப் பத்தொன்பது அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். ஆட்சியாளரின் கமரா என்றவுடன் எல்லாவற்றையும் இகழ்ந்து ஒதுக்கல் தகாது. அந்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டவர்களே. எனினும் கல்லுக்குக் காட்டிய மதிப்பைப் பல வேளைகளில் அக்கமரா ஆளுக்குக் காட்டவில்லை.

விழாவுக்குப் புஷ்பமாலா சூட்டிய தலைப்பு, போர்ஹெஸ் என்னும் ஆர்ஜென்ரீன எழுத்தாளர் எடுத்துரைத்த சீனக் கதையொன்றிலிருந்து வந்தது. கண்ணாடிக்குள் வாழ்ந்த மாந்தர் ஒரு காலத்தில் வெளிவந்து போர் தொடுத்தனர். பேரரசன் அவர்களை வென்று, மனிதர் செய்வதையே திரும்பச் செய்யுமாறு கண்ணாடிக்குள் அடைத்தான். என்றேனும் ஒருநாள் அவர்கள் அவ்வாறு செய்ய மறுப்பர் என்பது கதை.

நம் நாட்டிலும் அத்தகைய கண்ணாடிகள் உண்டு. ஸ்கீன், ஸ்கௌவன், பிளாத்தே முதலான பழைய படப்பிடிப்பு நிலையங்கள் இலங்கைக் காட்சிகளை அந்நியருக்கு விற்றன. அவற்றுள் 'தமிழ்ப் பெண்' என்ற தலைப்போடு விலைப்பட்ட படங்களும் இருந்தன. மூக்குத்தி, காதணி, சேலை மடிப்பு யாவும் தெளிவாகத் தெரியும். அவள் யார் மகள், எந்த ஊர் என்பது மட்டும் தெரியாது.

இத்தகைய தபாலட்டை ஒன்றின் பிரதியை வகுப்பறைச் சுவரில் ஒட்டி, மறுநாள் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பழைய படம் ஒன்று கொண்டுவந்து, கீழே பெயரெழுதி அருகில் வைக்கவேண்டும் எனக் கூறினோம். எளிய வேலை என்று எண்ணியது நம் அறியாமை. பாதிப்பேர் வெறுங்கையோடு வந்தனர். 1990 இல் வீட்டைவிட்டு ஓடியபோது அல்பம் போயிற்று என்றார் சிலர். 2004 டிசெம்பர் 26 இற் கடல் கொண்டுபோயிற்று என்றார் வேறு சிலர். நகையையும் உறுதியையும் எடுத்துக்கொண்டு ஓடுவோருக்குப் படம் எங்கே நினைவு வரும்?

ஒரு மாணவி பூட்டியின் படத்தோடு வந்தாள். அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படமாதலால் முகம் புள்ளிபுள்ளியாய்க் கலங்கியிருந்தது. அளக்கவும் அடையாளங் காணவும் எடுத்த படந்தான் அதுவும். அக்குடும்பத்துக்கோ வேறு படமில்லை.

"சேர், பூட்டி நல்லாப் பகிடி விடுவாவாம். அட்டைக்குப் படம் எடுக்கேக்கை சிரிக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டினமாம். அதுதான் இப்பிடி இருக்கிறா" என்றாள்.

பெயரை எழுதினாள். ஊரை எழுதினாள். இன்னும் இடமிருக்கிறதா என்று கேட்டு, இடியப்பம் அவித்து விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர் என்றும் எழுதினாள். பின்பு பக்கத்திலிருந்த தபாலட்டைப் பெண்ணின் கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினாள். அதில் என்ன எழுதுவது என்று எவருக்கும் தெரியவில்லை. அத்தாள் இன்றும் வெறுமையாகவே அச்சுவரில் இருக்கிறது.