திரட்டும் இணையம், தீர்மானிக்கும் சபை

2017 ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் மூண்ட ஜல்லிக்கட்டுப் போராட்டம், மறுநாளே சென்னை மெரீனாவை எட்டியது. எந்தக் கட்சியும் அழைக்கவில்லை. கட்செவி அஞ்சலிலும் முகநூலிலும் பரவிய செய்திகளே மாணவர்களைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. 21-ஆம் தேதி அவசரச் சட்டம் பிறந்தது. 23-ஆம் தேதி சட்டப்பேரவையில் மசோதா நிறைவேறியது. இணைய வலைப்பின்னலின் வலிமைக்கு வேறு சான்று தேவையில்லை.

அதன் எல்லையும் அதே கடற்கரையில்தான் தெரிந்தது. அவசரச் சட்டத்தை ஏற்றுக் கலைவதா, நிரந்தரத் தீர்வு வரும்வரை தொடர்வதா என்ற கேள்விக்கு எல்லோர் சார்பிலும் விடை சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. தலைமை இல்லாதது திரளும்போது பலமாக இருந்தது. முடிவெடுக்கும்போது அதுவே பலவீனமாயிற்று. 23-ஆம் தேதி காவல்துறையின் வெளியேற்ற நடவடிக்கையிலும் வன்முறையிலும் போராட்டம் முடிந்தது. சட்டம் செல்லும் என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்ததோ 2023 மே 18 அன்றுதான். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அச்சட்டத்தைக் காத்தவை பகிர்வுகள் அல்ல, ஆவணங்களும் வாதங்களுமே.

பொருளியல் அறிஞர் மன்கூர் ஓல்சன் 1965-இல் இதன் வேரைச் சுட்டிக்காட்டினார். பொதுநன்மை எல்லோருக்கும் கிடைக்கும் என்பதால், அதற்கான உழைப்பைப் பிறர் தரட்டும் என்று ஒவ்வொருவரும் ஒதுங்குவர். குழு பெரிதாகப் பெரிதாக இப்போக்கு வலுக்கும் என்பது அவர் வாதம். இணையம் இங்கே பெரும் உதவி புரிகிறது. செய்தி சொல்லவும் ஆள் சேர்க்கவும் ஆகும் செலவை அது ஏறத்தாழ இல்லாமலாக்கிவிட்டது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் உணவும் படகும் தேவைப்பட்டோரையும் அவற்றைத் தரக்கூடியோரையும் முன்பின் அறியாத தன்னார்வலர்கள் இணையம் வழியே இணைத்தது அதனால்தான்.

ஆனால், செலவின்றித் தரப்படும் ஆதரவின் உறுதியை அளப்பது கடினம். பத்தாயிரம் விருப்பக்குறிகளைக் கடந்துபோகும் அதிகாரியால், ஒரு நாள் கூலியை இழந்து வந்து நிற்கும் நூறு பேரை அவ்வாறு கடந்துவிட முடியாது.

வேகத்துக்கும் விலை உண்டு. 2018 மே மாதம், நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். அத்தகைய வதந்திகளைச் சுமந்து சென்றதும் அதே கட்செவி அஞ்சல்தான். மேலும், வலைப்பின்னலில் எல்லோரும் இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு மட்டுமே.

வலைப்பின்னலிடம் இல்லாதது எது என்பதை உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. பதவிக்காலம் 360 நாள்கள். ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியங்கள். கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது. அவருடைய உறவினருக்கும் அத்தடை உண்டு. அந்தச் சபை பிராமண நிலவுடைமையாளர்களுக்கு உரியது. பெண்களுக்கும் பிறருக்கும் அதில் இடமில்லை. ஆகவே அதை நாம் அப்படியே போற்ற வேண்டியதில்லை. ஆனால் யார் பொறுப்பு, எவ்வளவு காலம், கணக்கு எங்கே என்ற மூன்று கேள்விகளை அது கல்லில் எழுதி வைத்தது. இன்றைய கட்செவிக் குழுக்களில் இவற்றுக்கு விடை கிடைப்பது அரிது.

அன்றைய சபையில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கும் இன்றைய கிராம சபையில் இடம் உண்டு; ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள். பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டபின், ஏகனாபுரம் மக்கள் இரண்டு வழிகளையும் கையாண்டனர். அவர்களது குரலைக் கைப்பேசி வெளியுலகுக்குக் கொண்டு சென்றது. ஊர் கூடி நடத்திய போராட்டமும் கிராம சபைத் தீர்மானங்களும் அக்குரலுக்கு வடிவம் தந்தன. திட்டம் சரியா, தவறா என்பது வேறு விவாதம். தீர்மானங்களால் மட்டும் அரசு பின்வாங்கிவிடவில்லை என்பதும் உண்மை. எனினும், தீர்மானம் என்பது பதிவேட்டில் நிற்கும் ஊரின் முடிவு. அடுத்த செய்தி வந்ததும் கீழே நகர்ந்து மறைந்துவிடும் பதிவு அன்று.

எனவே இணையத்தை ஒதுக்கவும் வேண்டாம். அதோடு நின்றுவிடவும் வேண்டாம். ஏரி மதகு பழுதுபட்டிருந்தால் படம் எடுத்துப் பகிரலாம். அடுத்த நாளே அது மனுவாக வேண்டும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்க வேண்டும். அடுத்த கிராம சபையில் கூட்டப்பொருளாக வைத்துத் தீர்மானமாக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் குழுவில் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். திரட்டிய பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அந்த ஆறு நாள்களிலும் வராத ஊர், மற்ற நாள்களில் எத்தனை பதிவு இட்டாலும் அதன் மதகு தானாகச் சீராகிவிடாது.