லைசென்ஸ் போனது, ரீசார்ஜ் வந்தது

ராயபுரத்தில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. ரேடியோ லைசென்ஸ். ஆண்டுக்கு 15 ரூபாய். தபால் ஆபீசில் வரிசையில் நின்று அப்பா பணம் கட்டிவிட்டு வருவார். டிவி என்றால் 50 ரூபாய். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது எங்கள் தெருவில் அந்த 50 ரூபாய் லைசென்சுக்கு வேலையே இல்லை. ரேடியோதான் எங்களுக்கு எல்லாம்.

1980களின் நடுவில் லைசென்ஸ் முறையை மத்திய அரசு எடுத்துவிட்டது. அதன்பின் அரசுப் பணத்திலும் விளம்பரத்திலும்தான் வானொலியும் தூர்தர்ஷனும் நடக்கின்றன. பிரிட்டனில் கதை வேறு. பிபிசி ஐபிளேயரில் பார்க்கவும் 2016 செப்டம்பர் முதல் லைசென்ஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது.

இங்கே 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் சென்னை வானொலியைக் கேட்கலாம். 2024 நவம்பரில், வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' என்ற ஓடிடி தளத்தையும் கொண்டுவந்தது. துபாயில் வேலைபார்க்கும் திருவொற்றியூர்ப் பையன் ஊர்ச் செய்தியைத் தமிழிலேயே கேட்கிறான் என்றால் எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் லைசென்சுக்குக் கட்டாத காசை இப்போது டேட்டாவுக்குக் கட்டுகிறோம். அந்தக் காசு வானொலிக்குப் போவதில்லை, செல்போன் கம்பெனிக்குப் போகிறது.

மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில், வானொலி செல்போனுக்குள் போவது வேறு விதமாக உறைக்கும். பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போகும் லாஞ்சில் கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். பெரிய படகில் விஎச்எஃப் கருவி இருக்கலாம். ஃபைபர் படகுக்காரருக்குப் பல நாள் துணை கைரேடியோதான். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று மத்திய அலையில் சொன்னால், கடலுக்குள் நெடுந்தூரம் வரைக்கும் கேட்கும். ரீசார்ஜ் கேட்காது, டவர் கேட்காது, இரண்டு பேட்டரி போதும்.

கரையிலும் அதே கதிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போனும் செத்துக் கிடந்தது. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் புகுந்தது. எங்கே படகு வருகிறது, எங்கே சோறு கிடைக்கும் என்று தெரிய வேண்டிய அந்த நேரத்தில் எந்தச் செயலி திறந்திருக்கும்?

தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைச் பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள சில இடங்கள் தவிர நாடு முழுக்க 2022க்குள் அணைத்துவிட்டார்கள். மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு அந்தப் பழைய அனலாக் படம் இனி வராது. வானொலியின் மத்திய அலைக்கும் அந்த நிலை வரக்கூடாது. இணையத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் விரியட்டும். 720 கிலோஹெர்ட்சில் வரும் சென்னையின் குரலை மட்டும், காசிமேட்டுக் கடைசிப் படகு கரை சேரும்வரை யாரும் நிறுத்த வேண்டாம்.